ஸ்க்விட்ஸ் லைப்ரரி: லிங்குக்குச் சரி, கல்லாவுக்குச் சரிவராது

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பலகாரக் கடை எதிலும் போன் பக்கத்தில் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்.

"அக்கா, ஆர்டர் நம்பர் சொல்லுங்க."

"பி... ஓ... ஏழு... அப்புறம் எல்."

"எந்தப் பி-க்கா? பினாங்குப் பி-யா? ஓ-ன்னா எழுத்தா, கோசோங்கா?"

கோசோங் என்றால் மலாயில் பூஜ்ஜியம். அந்த நாலு எழுத்துக்குப் பின்னால் இருப்பது ஒரு சாதாரண முழு எண். உதாரணத்துக்கு, டேட்டாபேஸில் 49757 என்று இருப்பதைச் சுருக்கி, வாட்ஸ்ஆப்பிலும் ரசீதிலும் அனுப்பி, வாடிக்கையாளர் திருப்பிச் சொல்லும்போது மறுபடி 49757 ஆக்குவது பில்லிங் மென்பொருளின் வேலை. இதற்கு இப்போது பலரும் எடுக்கிற லைப்ரரி ஸ்க்விட்ஸ். முன்பு ஹாஷிட்ஸ் என்று இருந்தது 2023-இல் பெயரும் உள்வேலையும் மாறி ஸ்க்விட்ஸ் ஆனது. இலவசம், எம்ஐடி உரிமம். ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான், பிஎச்பி, கோ, ஜாவா, ரஸ்ட், டாட்நெட் என்று கடைக்கு மென்பொருள் எழுதுகிற எந்த மொழியிலும் கிடைக்கும்.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உள்ள சின்னக் கடை, கேட்டரிங், தையல், சலவை மாதிரியான தொழிலுக்கு இது எந்த அளவுக்கு உதவும் என்று பார்ப்பதுதான் இந்த மதிப்புரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். விரலால் தட்டித் திறக்கும் லிங்குக்குள் வைக்க ஸ்க்விட்ஸ் அருமையான பொருள். வாயால் சொல்லி, காதால் கேட்டு, கையால் எழுதும் பில் எண்ணுக்கு அதை அப்படியே எடுத்துப் போடக் கூடாது. அதற்கு முப்பது வரியில் நாமே எழுதக்கூடிய வேறு வழி இருக்கிறது. அதுவும் கீழே வருகிறது.

லைப்ரரி இல்லாமலே ஆகும் காரியம்

ஸ்க்விட்ஸைப் பார்க்கும் முன், மொழிகளுக்குள்ளேயே இருக்கிற வசதியைப் பார்த்துவிட வேண்டும். பல கடைகளுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்றுதான் முதலில் தோன்றும்.

36-அடிமானம் என்பது 0 முதல் 9 வரை பத்து இலக்கம், அதோடு 26 ஆங்கில எழுத்து. எண்ணை 36-ஆல் வகுத்துக்கொண்டே போய், மீதிகளைக் கடைசியிலிருந்து முன்னோக்கி எழுத வேண்டும். பத்து லட்சத்தை வகுத்தால் மீதி 28, 21, 15, 21 என்று வரும். திருப்பிப் போட்டால் எல்-எஃப்-எல்-எஸ். ஏழு இலக்கம் நாலு எழுத்தானது. நாலு எழுத்தில் 16,79,616 எண்கள் அடங்கும், ஐந்தில் 6,04,66,176. ஜாவாஸ்கிரிப்டில் டூஸ்ட்ரிங், ஜாவாவில் லாங்-டூஸ்ட்ரிங், மைஎஸ்க்யூஎல்லில் கான்வ் என்று ஒரே வரியில் முடிந்துவிடும். பைத்தானில் மட்டும் எழுத்திலிருந்து எண்ணுக்குப் போக இன்ட் இருக்கிறது. எண்ணிலிருந்து 36-அடிமானத்துக்கு வர நாமே ஒரு லூப் எழுத வேண்டும்.

சிக்கல் திரும்பி வரும் வழியில். எழுத்தை எண்ணாக்கும் ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ்இன்ட் தெரியாத குறியைக் கண்டதும் பிழை காட்டாது. அதுவரை படித்ததை எண்ணாக்கிக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். வாடிக்கையாளர் "எல்எஃப்-எல்எஸ்" என்று நடுவில் கோடு போட்டு அனுப்பினால் பத்து லட்சம் கிடைக்காது, முதல் இரண்டு எழுத்துக்குரிய 771 கிடைக்கும். 771-ஆம் பில்லும் கடையில் இருக்குமே! வேறொருவர் முறுக்கு இவர் வீட்டுக்குப் போகிறது. முதலில் கோட்டையும் இடைவெளியையும் எடுத்துவிட்டு, மாற்றிய எண்ணை மறுபடி எழுத்தாக்கி, வந்ததோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் பார்ஸ்இன்ட்டை நம்பக் கூடாது. ஜாவாவின் பார்ஸ்லாங் இந்த விஷயத்தில் ஒழுங்கு, தவறான குறி வந்தால் உடனே பிழை எறியும்.

பைத்தானின் இன்ட் வேறு வகையில் தாராளம். இரு பக்க இடைவெளியையும் நடுவில் வரும் அடிக்கோட்டையும் ஏற்றுக்கொள்ளும். தமிழ் இலக்கங்களையும் படிக்கும்: ௪௨ என்று கொடுத்து 36-அடிமானம் என்றால் 146 என்று சரியாகவே விடை தரும். தமிழ் படிப்பவருக்கு மனம் குளிரும் விஷயம்தான். ஆனால் "ஒரு எண்ணுக்கு ஒரே எழுத்து வடிவம்" என்று நம்பி எழுதிய நிரலில் இது ஓட்டை.

அடுத்தது எக்செல். கடைக் கணக்கு கடைசியில் எக்செல்லுக்குத்தான் போகும், கணக்காளர் கேட்பதும் அதுதான். 49757-ஐ 36-அடிமானத்தில் எழுதினால் ஒன்று, இரண்டு, ஈ, ஐந்து: 12ஈ5. இந்தச் சிஎஸ்வி கோப்பை இரட்டைக் கிளிக்கில் திறந்தால் எக்செல் அந்த ஈ-யை அடுக்கு என்று எடுத்துக்கொண்டு 12,00,000 ஆக்கிவிடும். சேமித்தால் மூல எழுத்து போயே போச்சு. இரண்டு என்ற இலக்கத்தோடு செப் என்ற மூன்று ஆங்கில எழுத்து சேர்ந்தால் செப்டம்பர் 2 ஆகும். முன்னால் உள்ள பூஜ்ஜியங்கள் உதிர்ந்துவிடும். இது மூன்றும் அபூர்வமாக நடப்பவை அல்ல. ஆயிரக்கணக்கான பில் ஓடும் கடையில் கண்டிப்பாக வரும். உயிரெழுத்துகளை எடுத்துவிட்டு, குறியீட்டின் முதல் எழுத்து இலக்கமாக இல்லாதபடி பார்த்துக்கொண்டால் மூன்றும் தீரும்.

ஸ்க்விட்ஸ் என்ன செய்கிறது

இதன் இயல்பான எழுத்துத் தொகுதி 62: சின்ன எழுத்து 26, பெரிய எழுத்து 26, இலக்கம் 10. கொடுத்த எண்ணைப் பொறுத்து ஒரு தொடக்க எழுத்தைத் தேர்ந்து, தொகுதியைச் சுழற்றி, அதன்பிறகு எண்ணை எழுத்தாக்கும். அதனால் அடுத்தடுத்த எண்கள் பார்வைக்குச் சம்பந்தமே இல்லாமல் வரும். 0, 1, 2 மூன்றும் வெவ்வேறு இரட்டை எழுத்துகளாகச் சிதறும். வெறும் அடிமான மாற்றத்தில் இன்றைய கடைசி பில்லையும் நாளைய கடைசி பில்லையும் வைத்துக் கடையின் வியாபாரத்தை யாரும் எண்ணிவிடலாம். ஸ்க்விட்ஸில் அது மேலோட்டப் பார்வைக்குத் தெரியாது.

இதற்கு ஒரு எழுத்து விலை. தொடக்க எழுத்து ஒரு இடத்தை எடுத்துக்கொள்கிறது. இன்னொன்று பிரிப்பானாக ஒதுக்கப்படுவதால் உண்மையில் எண்ணப்படுவது 61-அடிமானத்தில். 2,26,980 வரை நாலு எழுத்து, 1,38,45,840 வரை ஐந்து. பத்து லட்சம் வெறும் 62-அடிமானத்தில் நாலு எழுத்து, ஸ்க்விட்ஸில் ஐந்து. சுருக்கத்துக்காக மட்டும் இதை எடுக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதில் உள்ள மிக நல்ல வசதி, பல எண்களை ஒரே குறியீட்டில் கட்டுவது. இயல்பான தொகுதியில் 1, 2, 3 என்ற மூன்று எண்களும் சேர்ந்து ஆறே எழுத்து. பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு கிளை, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளை என்று நடத்துகிறவர்கள் கிளை எண்ணையும் பில் எண்ணையும் ஒட்டி ஒரே எண்ணாக்குவதைப் பார்க்கலாம். 1-ஆம் கிளையின் 23-ஆம் பில்லும், 12-ஆம் கிளையின் 3-ஆம் பில்லும் அப்போது 123 ஆகிவிடும். ஸ்க்விட்ஸிடம் இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்தால் தனித்தனியாகவே திரும்பி வரும். இந்த ஒரு காரணத்துக்காகவே பல கிளைக் கடைக்கு லிங்க் உருவாக்க இதைப் பரிந்துரைக்கலாம்.

இனி கவனிக்க வேண்டியவை. முதலாவது, லைப்ரரியின் விளக்கக் குறிப்பிலேயே சொல்லப்பட்டு, பலர் படிக்காமல் விடுவது: வெவ்வேறு எழுத்துக் கோவைகள் ஒரே எண்ணாகத் திரும்பலாம். டிகோட் செய்து, அதாவது எழுத்தை எண்ணாக்கி, எண் கிடைத்துவிட்டது என்பதாலேயே அது நாம் கொடுத்த குறியீடு என்று ஆகாது. டிகோட் செய்த எண்ணை மறுபடி என்கோட் செய்து, அதாவது எழுத்தாக்கி, வந்த எழுத்தோடு எழுத்து ஒப்பிட வேண்டும். இரண்டே வரி. இதற்கு இன்னொரு பலனும் உண்டு: தொடக்க எழுத்து எண்ணைப் பொறுத்தே அமைவதால், தவறாகத் தட்டிய குறியீடுகளில் பெரும்பாலானவை இந்த ஒப்பீட்டிலேயே விழுந்துவிடும். பெரும்பாலானவை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், எல்லாமும் விழாது.

இரண்டாவது, தொகுதியில் இல்லாத எழுத்து வந்தால் பிழை எறியாமல் காலிப் பட்டியல் கொடுக்கும். முதல் உறுப்பை நேரே எடுக்கும் நிரல் அங்கே உடையும். ஜாவாஸ்கிரிப்டில் உடையாமல் வெற்று மதிப்போடு தேடப் போய்விடும், அது இன்னும் மோசம்.

மூன்றாவது, எண்ணின் உச்சவரம்பு மொழிக்கு மொழி மாறும். ஜாவாஸ்கிரிப்டில் 9007199254740991. அதற்கு மேல் போன 64-பிட் எண்களை ஜேசன் என்ற தகவல் வடிவத்தில் பிரவுசருக்கு அனுப்பினால், ஸ்க்விட்ஸ் கையில் போகும் முன்பே கடைசி இலக்கம் மாறியிருக்கும்: 993-இல் முடிய வேண்டியது 992-இல் முடியும். வரிசையாக ஏறும் பில் எண்ணுக்கு இந்தக் கவலை இல்லை. நேர முத்திரையோடு பெரிய எண் உருவாக்கும் அமைப்பு இருந்தால் உண்டு. குறை எண்ணை ஸ்க்விட்ஸ் வாங்கவே வாங்காது.

நான்காவது வசைச்சொல் தடுப்பு. தற்செயலாக அசிங்கமான சொல் வந்துவிடாமல் இருக்க ஒரு தடைப்பட்டியல் லைப்ரரியோடு வருகிறது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், இந்தி மாதிரியான மொழிகளின் சொற்கள் அதில் உண்டு. நம்மூரில் ரசீதை வாங்குகிறவர் மலாய், ஹொக்கியன், தமிழ் மூன்றையும் ரோமன் எழுத்தில் படிக்கிறவர். முஸ்லிம் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் உணவு ரசீதில் பன்றிக்கான மலாய்ச் சொல் நாலு எழுத்தில் வந்து நின்றால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆகவே நம் சொற்களை நாமே சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது ஒரு பொறி: நாம் கொடுக்கும் பட்டியல் உள்ளே இருப்பதோடு சேராது, அதை நீக்கிவிட்டு இது உட்காரும். இயல்பான பட்டியலை எடுத்து அதோடு நம்முடையதை இணைத்துக் கொடுக்க வேண்டும். பொருத்திப் பார்க்கும் விதியும் தெரிந்திருக்க வேண்டும். மூன்று எழுத்துச் சொல் என்றால் முழுக் குறியீடும் அதுவாகவே இருந்தால் மட்டும் தடுக்கும். நாலும் அதற்கு மேலும் என்றால் நடுவில் வந்தாலும் தடுக்கும். எழுத்துக்குப் பதில் இலக்கம் போட்ட சொல் என்றால் முதலிலோ கடைசியிலோ வந்தால் மட்டும். பட்டியலைப் பிறகு மாற்றினாலும் பழைய குறியீடுகள் டிகோட் ஆகும். ஆனால் அதே எண்ணுக்குப் புதிதாக வேறு குறியீடு வரலாம். மேலே சொன்ன மறு-என்கோட் ஒப்பீடு அப்போது பழைய ரசீதைத் தள்ளிவிடும்! இரண்டு நல்ல பழக்கங்கள் மோதிக்கொள்ளும் இடம் இது. பட்டியலை ஆரம்பத்திலேயே முடிவு செய்து பூட்டிவிடுவதுதான் வழி. அதைவிட எளியது, தொகுதியிலிருந்து உயிரெழுத்துகளையே எடுத்துவிடுவது.

சின்ன எழுத்து, பெரிய எழுத்து

இயல்பான தொகுதியின் பெரிய பலவீனம் இதுதான். லிங்கில் பிரச்சினை இல்லை, யாரும் அதைப் படிப்பதில்லை. மற்ற எல்லா இடத்திலும் பிரச்சினை. மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான ஒப்பீட்டு முறை சின்ன ஏ-யையும் பெரிய ஏ-யையும் ஒன்றாகப் பார்க்கும். குறியீட்டை ஒரு பத்தியில் சேமித்து அதைக்கொண்டே தேடினால் ஒருவர் பில் இன்னொருவருக்குத் திறக்கும். ஒரே மதிப்பு இரண்டு தரம் வரக் கூடாது என்று யூனிக் போட்டிருந்தால் புதுப் பில் பதிவாகாது. பைனரி ஒப்பீடு வைத்துத் தீர்க்கலாம். குறியீட்டைச் சேமிக்காமலே விட்டு, டிகோட் செய்த எண்ணைக் கொண்டு தேடுவது அதைவிடச் சுத்தம், வேகமும்கூட. ரசீது பிடிஎஃப் கோப்புக்குக் குறியீட்டையே பெயராக வைக்கிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். விண்டோஸில் சின்ன எழுத்துக் கோப்பும் பெரிய எழுத்துக் கோப்பும் ஒரே கோப்பு. இரண்டாவது வந்தது முதலாவதை அழித்துவிட்டு உட்காரும்.

கியூஆர் கட்டத்திலும் இதன் விலை தெரியும். கியூஆரில் பெரிய எழுத்து, இலக்கம், சில குறிகள் என 45 குறிகளுக்கு ஒரு சிக்கன முறை உண்டு. ஒரே ஒரு சின்ன எழுத்து கலந்தாலும் அந்தப் பகுதி பைட் முறைக்குப் போய்விடும். மிகச் சிறிய 21-க்கு-21 கட்டத்தில், நடுத்தரப் பிழைத் திருத்த அளவில், சிக்கன முறையில் 20 எழுத்து கொள்ளும். பைட் முறையில் 14 தான். ரசீதுத் தாளில் மங்கலாக அச்சாகும் கட்டத்துக்கு இந்த ஆறு எழுத்து வித்தியாசம் பெரிது.

வாயும் காதும் வரும்போது

டக்ளஸ் க்ராக்ஃபர்டின் 32-அடிமான முறை இந்த வேலைக்கு ஸ்க்விட்ஸைவிட நல்ல தொடக்கம். ஐ, எல், ஓ, யூ நான்கும் தொகுதியில் கிடையாது. படிக்கும்போது ஐ-யும் எல்-லும் 1 ஆகும், ஓ 0 ஆகும். நடுவில் கோடு வந்தால் கண்டுகொள்ளாது. சின்ன எழுத்து பெரிய எழுத்து பேதமும் இல்லை. நம்மூர் வாகன எண் தட்டில் ஐ-யும் ஓ-வும் இல்லாததும் இதே காரணத்துக்காகத்தான். பத்து லட்சம் இதில் ஒய்-ஜி-ஜே-0. விரும்பினால் 37-ஆல் வகுத்த மீதியைச் சரிபார்ப்பு எழுத்தாகக் கடைசியில் சேர்க்கலாம். பத்து லட்சத்துக்கு அது 1. 37 பகா எண் என்பதால் ஒரு எழுத்து மாறினாலும், பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இடம் மாறினாலும் கண்டிப்பாகப் பிடித்துவிடும். ஆனால் 37 மீதிக்கு 32 எழுத்து போதாதே. மிச்ச ஐந்துக்கு நட்சத்திரம், அலைக்கோடு, டாலர் குறி, சமக் குறி, யூ என்று வைத்திருக்கிறார்கள். கல்லாவில் நின்று "அலைக்கோடு" என்று யார் சொல்லப்போகிறார்கள்?

அதோடு தமிழ்க் காதுக்கு என்று ஒரு சிக்கல் இருக்கிறது, எந்த வெளிநாட்டு முறையும் இதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் தமிழில் எழுதினால் இரண்டுமே பி. நான்காவதும் இருபதாவதும் இரண்டுமே டி. போனில் கேட்டுத் தமிழில் குறித்துக்கொள்ளும் அக்காவின் சீட்டில் இந்த இரண்டு ஜோடிகளும் ஒன்றாகிவிடும். பூஜ்ஜியத்தை ஒருவர் ஜீரோ என்பார், ஒருவர் ஓ என்பார், மலாயில் கோசோங் என்பார்.

இதையெல்லாம் கணக்கில் வைத்துச் செய்தால் தொகுதி இப்படி அமையும். 26 எழுத்தில் ஐந்து உயிரெழுத்தைக் கழிக்க 21. இரண்டாம் எழுத்தையும் நான்காம் எழுத்தையும் கழிக்க 19. பத்து இலக்கத்தோடு சேர்த்து 29. இது பகா எண் என்பது இங்கே நல்ல அதிர்ஷ்டம், சரிபார்ப்பு எழுத்தையும் அதே தொகுதிக்குள் வைத்துக்கொள்ளலாம். 0 முதல் 9 வரை இலக்கங்கள், 10-க்கு சி, பிறகு எஃப், ஜி, எச், ஜே, கே, எல், எம், என், பினாங்குப் பி, கியூ, ஆர், எஸ், திரெங்கானு டி, வி, டபிள்யூ, எக்ஸ், ஒய், 28-க்கு இசட். நாலு எழுத்தில் 7,07,281 பில். நாளுக்கு 300 பில் போட்டாலும் ஆறு வருஷத்துக்கு மேல் ஓடும்.

49757-ஐ எடுத்துக்கொள்வோம். 29-ஆல் வகுக்க ஈவு 1715, மீதி 22. 1715-ஐ வகுக்க 59, மீதி 4. 59-ஐ வகுக்க 2, மீதி 1. கடைசியில் 2. திருப்பிப் போட 2, 1, 4, 22, அதாவது 214எஸ். முன்னால் கிளை எழுத்து. வண்டித் தட்டில் பழகியபடி பினாங்குக்குப் பி, கோலாலம்பூருக்கு டபிள்யூ என்று வைத்தால் யாருக்கும் மறக்காது, எக்செல்லும் அதை எண் என்று நினைக்காது.

சரிபார்ப்பு எழுத்துக்குப் பலர் செய்யும் தவறு, பில் எண்ணை 29-ஆல் வகுத்த மீதியைப் போடுவது. 29-அடிமானத்தில் அந்த மீதி கடைசி எழுத்தேதான்! எஸ்-ஐ இரண்டு தரம் எழுதியதாக ஆகும். முதல் மூன்று எழுத்தில் என்ன பிழை வந்தாலும் பிடிக்காது. இடத்துக்கு ஒரு எடை கொடுக்க வேண்டும். கிளை எழுத்துக்கு 1, அடுத்தவைக்கு 2, 3, 4, 5. டபிள்யூ-வின் மதிப்பு 25. 25 + 4 + 3 + 16 + 110 கூட்ட 158; 29-ஆல் வகுக்க மீதி 13, அது எச். முழுக் குறியீடு டபிள்யூ214எஸ்எச். அதே எண் பினாங்குக் கிளையில் என்றால் பி-யின் மதிப்பு 19, கூட்டுத்தொகை 152, மீதி 7, குறியீடு பி214எஸ்7. அவசரத்தில் 214-ஐ 241 என்று சொன்னால் கோலாலம்பூர்க் குறியீட்டின் கூட்டுத்தொகை 155 ஆகி மீதி 10 வரும், அது சி. எச் வரவில்லை என்பதால் திரை உடனே "மறுபடி கேளுங்கள்" என்று காட்டலாம். எஸ்-ஐ 5 என்று படித்தாலும் இதே கதிதான். ஒரு எழுத்துப் பிழையும் அடுத்தடுத்த இடமாற்றமும் ஒன்றுகூடத் தப்பாது.

படிக்கும் பக்கத்தில் முதலில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கி, இடைவெளியையும் கோட்டையும் எடுத்து, ஓ வந்தால் 0, ஐ வந்தால் 1, இரண்டாம் எழுத்து வந்தால் பினாங்குப் பி, நான்காம் எழுத்து வந்தால் திரெங்கானு டி என்று மாற்ற வேண்டும். அதன்பிறகுதான் சரிபார்ப்பு. இந்த வரிசை மாறக் கூடாது.

இதே 29 எழுத்தை ஸ்க்விட்ஸிடம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். அப்போது எண்ணப்படுவது 28-அடிமானம். 49757-க்குத் தொடக்க எழுத்தோடு ஐந்து எழுத்து வரும். சரிபார்ப்பு எழுத்தோடு நம் முறையிலும் கிளை எழுத்து நீங்கலாக அதே ஐந்து. நீளம் ஒன்றே, பிழையைப் பிடிக்கும் உறுதி நம்மிடம்.

ஸ்க்விட்ஸ் மாதிரி வரிசையும் தெரியக் கூடாது என்றால் எழுத்தாக்கும் முன் எண்ணைப் பெருக்கிக் கலைத்துவிடலாம். சின்ன அளவில் பார்க்க: 1000-க்குள் எண்களை 387-ஆல் பெருக்கி, கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால் 7 என்பது 709, 8 என்பது 096, 9 என்பது 483. திரும்ப வர 323-ஆல் பெருக்க வேண்டும்: 709-ஐப் பெருக்கினால் 229007, கடைசி மூன்று இலக்கம் 007. 387-ஐயும் 323-ஐயும் பெருக்கினால் 125001 வருவதுதான் சூட்சுமம். நம் தொகுதிக்கு 1000-க்குப் பதில் 7,07,281. பெருக்கும் எண் 29-ஆல் வகுபடாமல் இருந்தால் போதும்.

தமிழ் எழுத்திலேயே வைத்தால்?

ஆசை நியாயமானது. உயிர் 12, அகரமேறிய மெய் 18, மொத்தம் 30. நாலு எழுத்தில் 8,10,000 எண்கள். ஸ்க்விட்ஸ் இதை மறுத்துவிடும், பல பைட் எழுத்துகளைத் தொகுதியில் அது ஏற்பதில்லை. நாமே எழுதினாலும் ல-ள-ழ, ந-ண-ன, ர-ற மூன்று குழுவிலும் ஒவ்வொன்றுதான் மிஞ்ச வேண்டும், ஔ ஒ-வும் ள-வுமாகப் படிக்கப்படும். லிங்கில் ஒரு தமிழ் எழுத்து விழுக்காட்டுக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரியும். எஸ்எம்எஸ்ஸில் ஒரு தமிழ் எழுத்து வந்தாலே 160 இடம் 70 ஆகிவிடும். கல்லாவில் நிற்பவர் நேப்பாளத்திலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்த தம்பியாக இருந்தால் அவருக்கும் படிக்க வர வேண்டும். கோயில் அன்னதானச் சீட்டு மாதிரி, தமிழர் மட்டும் கையாளும் இடத்துக்கு அழகாக இருக்கும். பொதுக்கடைக்கு இதைச் சொல்ல மாட்டோம்.

எதற்கு எடுக்கவே கூடாது

ஸ்க்விட்ஸ் பூட்டு அல்ல. தொகுதியின் வரிசையைக் கலைத்துக் கொடுத்தாலும் போதிய மாதிரிகள் கிடைத்தால் அதை மீட்டெடுக்க முடியும். ஹாஷிட்ஸில் இருந்த ரகசியச் சொல் வசதி ஸ்க்விட்ஸில் இல்லாததும் அது தந்த பொய்யான தைரியத்தால்தான். முகவரி, தொலைபேசி எண், மருத்துவ அறிக்கை, பணம் கட்டும் பக்கம் இவை லிங்குக்குப் பின்னால் இருந்தால், எண்ணிலிருந்து பிறக்காத 128-பிட் தற்செயல் குறி வேண்டும். 62 எழுத்துத் தொகுதியில் அது 22 எழுத்து. நீளம்தான், யாரும் வாயால் சொல்லப் போவதில்லை. மேலே சொன்ன பெருக்கல் கலைப்புக்கும் இதே எச்சரிக்கை உண்டு.

வருமான வரி வாரியத்தின் மின்-விலைப்பட்டியல் 2024 ஆகஸ்ட் 1-இல் பெரிய நிறுவனங்களோடு தொடங்கியது. அதில் சரிபார்ப்புக்குப் பின் வரும் தனி அடையாள எண்ணை நம் குறியீட்டால் மாற்றீடு செய்ய முடியாது. இரண்டையும் தனிப் பத்திகளில் வைத்து ரசீதில் இரண்டையும் அச்சிட வேண்டும்.

ஹாஷிட்ஸில் ஏற்கெனவே ஓடுகிற கடைகள் ஸ்க்விட்ஸுக்கு மாறும்போது பழைய குறியீடுகளைப் புதிய லைப்ரரி படிக்காது என்பதை நினைவில் வைக்க வேண்டும். வெளியே போன லிங்குகள் காலாவதியாகும் வரை பழைய லைப்ரரியும் பக்கத்தில் ஓட வேண்டும். புதிய லிங்கின் பாதையில் ஒரு எழுத்தைக் கூடுதலாக வைத்தால் எதை எதனிடம் அனுப்புவது என்று நிரலுக்குத் தெரியும். இயல்பான தொகுதியை மாற்றியிருந்தால் அந்த எழுத்து வரிசையை டேட்டாபேஸ் பேக்கப்போடு சேர்த்தே வைக்க வேண்டும். சர்வர் மாறும்போது அது தொலைந்தால், அச்சாகி வெளியே போன ஒவ்வொரு குறியீடும் ஒன்று திறக்காது, இல்லையேல் அடுத்தவர் பில்லைத் திறக்கும்.